பாடகியை மாற்றுவதா, சுருதியை மாற்றுவதா?

கேள்வி: எங்களுடையது ஐந்து பேர் ஹார்ட் ராக் குழு. நான் கிடார், பாடல்களை 3 கட்டையில் (E சுருதியில்) எழுதுகிறேன். மூன்றாவது பாட்டிலேயே பாடகிக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. நிகழ்ச்சி அமைப்பாளர்களோ போஸ்டருக்கு அவர் படத்தை மட்டும் கேட்கிறார்கள். முதல் ஆல்பத்துக்கு முன் வேறு பாடகியைத் தேடலாமா?

பதில்: வேண்டாம். சிக்கல் பெரும்பாலும் உங்கள் 3 கட்டையில்தான். அந்தச் சுருதியில் ஒலிக்கும் திறந்த ஆறாம் கம்பி கிடாருக்கு வசதி, உங்கள் குரலுக்கும் வசதி. அதே மெட்டு அவருக்கு வெறும் காற்றாகப் போகும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் பல்லவி முழுக்க உச்சியில் கத்த வேண்டும். பொருந்தும் இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

பல்லவியை அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். ஐந்தாவது முறையும் முதல் முறை போலவே ஒலிக்கிற அதிகபட்ச உயரத்துக்கு இரண்டு அரைச்சுரம் கீழே பாட்டை வையுங்கள். கச்சேரியின் கடைசிப் பாட்டுக்கு அந்த மிச்சம் வேண்டும். 7 கட்டையில் (B) அமைந்தால் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி, ஐந்தாம் கம்பிக்கு ஏறும், கனம் கொஞ்சம் குறையும். கனத்தை விட மனமில்லையா? கிடாரைக் கீழ் 7 கட்டைக்கு இறக்குங்கள். ஆனால் வழக்கமான 10-46 தடிமன் கம்பியோடு இறக்கினால் தொளதொளத்துச் சுருதி பிசகும். 12-60 அளவாவது போட்டு இன்டோனேஷனை (கழுத்து முழுக்கச் சுருதி சேர்வதை) திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது சத்தம். தன் குரல் காதில் விழாவிட்டால் எவரும் தன்னை அறியாமல் கத்துவார்கள். உங்கள் ஆம்ப் முழங்காலைப் பார்த்து நிற்கிறதா? சாய்த்து உங்கள் காதுக்கே திருப்புங்கள், நீங்களே சத்தத்தைக் குறைப்பீர்கள். கிடாரில் 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் வெட்டினால் பாட்டின் சொற்கள் மேலே வரும். மைக் கார்டியாய்டு (பின்புறச் சத்தத்தை வாங்காத வகை) என்றால் மானிட்டர், அதாவது பாடகி தன் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர், மைக்கின் நேர் பின்புறம், அதாவது பாடகிக்கு நேர் எதிரே இருக்கட்டும். சூப்பர்கார்டியாய்டு (பின்புறச் சத்தத்தைக் கொஞ்சம் வாங்கும் வகை) என்றால் சற்றுப் பக்கவாட்டில். மைக் தலையைக் கைக்குள் பொத்திப் பாடினால் இரண்டுமே ஊளையிடும். (பார்க்க ஜோராகத்தான் இருக்கும்.) இத்தனைக்கும் பிறகு கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்க்கட்டும். அதுவரை கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

போஸ்டருக்கு அவரது தனிப்படத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐவரும் இருக்கும் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

பாடகி மாறியும் நிலைத்த குழுக்கள் உண்டு. நைட்விஷ் 2005இல் தார்யாவை நீக்கியது. ஆர்ச் எனிமியில் 2014இல் ஆஞ்செலா கோசோ விலகி அலிசா வைட்-கிளஸ் வந்தார். கோசோ அதே குழுவுக்கு மேலாளராகத் தொடர்ந்தார். இரண்டுக்கும் அப்போதே பல ஆல்பங்களின் பலம் இருந்தது. உங்களைக் கேட்கிறவர்களுக்கோ இப்போதைக்குக் குழு என்றாலே அந்தக் குரல்தான்.

ஆல்பத்துக்கு முன் உண்மையில் செய்ய வேண்டியது ஓர் எழுத்து ஒப்பந்தம். வார்லாக் குழுவின் பாடகி டோரோ பெஷ், பெயருரிமைத் தகராறில் பழைய மேலாளரிடம் அந்தப் பெயரையே இழந்து, 1989இல் தன் பெயரில் ஆல்பம் வெளியிட நேர்ந்தது. குழுப் பெயர் யாருக்குச் சொந்தம், விலகுபவர் அதைப் பயன்படுத்தலாமா, மெட்டும் வரியும் எழுதியவருக்கு எத்தனை பங்கு, பதிவான குரலுக்கு விலகிய பிறகும் பங்கு உண்டா: நான்கையும் எழுதி, ஐவரும் கையெழுத்திடுங்கள். மேலாளர் என்று ஒருவர் வருவதற்கு முன்பே.