ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் அரசு மாதம் எவ்வளவு தரும்? அதை வைத்து வெளியூரில் தங்கிக் காலம் தள்ள முடியுமா?

அரசு தன் பங்காகத் தருவது அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய்தான். மீதி கம்பெனி தருவது. முழுப் பணமும் அரசிடமிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் பஸ் ஏறினேன்.

நான் ஃபிட்டர். 2023 கடைசியில் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு வந்தேன். 2019-இல் திருத்திய விதிகளின்படி அப்போது ஐடிஐ முடித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. கம்பெனி மனசு வைத்தால் கூடத் தரலாம், குறைக்கக் கூடாது. எங்கள் கம்பெனி மனசு வைக்கவில்லை. ஐடிஐ முடித்தவருக்கான தொகையில் 25 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும், ஆனால் 1,500-ஐத் தாண்டாது. 7,000-க்குக் கால் பங்கு 1,750 வருகிறதே என்றால், அந்த 250 கம்பெனி தலையில்.

முன்பெல்லாம் கம்பெனி மொத்தமாகக் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2023 ஆகஸ்டில் அரசின் பங்கை நேராக நம் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறை வந்தது. நான் மாட்டியது இங்கேதான்.

முதல் மாதம் 5,500 வந்தது. 1,500 வரவில்லை. சரி, அரசுப் பணம், மெதுவாக வரும் என்று விட்டேன். மூன்று மாதம் ஆகியும் காணோம். ரூம்காரனிடம் கைமாற்று வாங்கித்தான் ஓட்டினேன். எச்.ஆரில் கேட்டால், "போர்டல்ல உனக்குப் பணம் போயிடுச்சுன்னு காட்டுதுப்பா" என்றார்கள். அப்புறம் ஒரு நாள் ஊரிலிருந்து அம்மா போன். "பாஸ்புக்ல என்ட்ரி போட்டேன்டா, ஆயிரத்து ஐந்நூறு ஆயிரத்து ஐந்நூறா மூணு தடவை விழுந்திருக்கு, யாரு போட்ட காசு?"

பத்தாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கு அது. ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். கம்பெனி திறந்து கொடுத்த கணக்குக்கு நான் ஆதார் நகல் கொடுத்திருந்தேன், கேஒய்சிக்கு, அதாவது நாம் யார் என்று வங்கி சரிபார்ப்பதற்கு. அதுவும் இணைப்பும் வேறு வேறு. வங்கியில் 'ஆதார் சீடிங்' என்று தனியாகக் கேட்டு, படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். சேர்ந்த வாரமே செய்துவிடுங்கள்.

இன்னொன்று, அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்டலில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் "டிரெய்னி" என்று வாயால் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். பதிவு இல்லாவிட்டால் அரசுப் பங்கும் இல்லை, கடைசியில் தேர்வு எழுதி வாங்கும் சான்றிதழும் இல்லை. பதிவு இருந்தாலும் சட்டப்படி நாம் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை. அதனால் பி.எஃப். பிடித்தம் கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எங்களோடு சேர்ந்த 12 பேரில் மூன்று பேரைத்தான் வைத்துக்கொண்டார்கள். நான் அதில் இல்லை.

காலம் தள்ள முடியுமா என்றால், நான்கு பேர் ஒரு ரூமில் இருந்தோம், என் பங்கு 1,800. மதியம் கேன்டீனில் கிட்டத்தட்ட இலவசம், கம்பெனி பஸ்ஸும் இருந்தது. அதனால்தான் ஓடியது. வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்து கம்பெனியில் என் நண்பனுக்கு 1,000 ரூபாய் கூடுதல், ஆனால் கேன்டீன் கிடையாது. இருபதாம் தேதிக்கு மேல் அவன் என்னிடம்தான் கடன் கேட்பான்.