விதிகளின் வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறதே, ஏன்?

கேள்வி: முப்பரிமாண வரைகலை மென்பொருள் ஒன்றில் வேலை செய்கிறேன். சுழற்றுதல், நகர்த்துதல் போன்ற உருமாற்றங்களை அடுத்தடுத்துச் சேர்த்து எழுதும் கோவைகளைச் சுருக்க நான்கு ரீரைட் விதிகள் எழுதினேன்; அதாவது, அம்புக்குறியின் இடப்பக்க வடிவம் வரும் இடத்தில் வலப்பக்கத்தை வைக்கும் விதிகள். இவற்றில் · என்பது அடுத்தடுத்துச் சேர்த்தல், 1 என்பது எதையும் மாற்றாத உருமாற்றம், க⁻¹ என்பது க-வை நீக்கும் எதிர் உருமாற்றம். 1·க → க. க⁻¹·க → 1. (க·ச)·ட → க·(ச·ட). க·(ச·ட) → (க·ச)·ட. சில கோவைகளுக்கு நிரல் நிற்பதே இல்லை. கடைசி விதியை எடுத்துவிட்டால் நிற்கிறது. ஆனால் விதிகளை முயலும் வரிசையை மாற்றினால் வேறு விடை வருகிறது. எங்கள் கருவியில் பயனர்கள் லாம்டா ஃபங்ஷன்களும் (பெயரில்லாத ஃபங்ஷன்கள்) எழுதலாம். அங்கேயும் இதே தொல்லை வருமா?

பதில்: நிரல் நிற்குமா என்பது ஒரு கேள்வி, எந்த வழியில் போனாலும் ஒரே விடை வருமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கண்ட பிறகு இரண்டாவதைத் தொடுங்கள். ஆயிரம் படிக்குமேல் ஓடினால் நிறுத்திவிடலாம் என்று வரம்பு வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள், நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

நிற்காததற்குக் காரணம் எளிது. மூன்றாம் விதியும் நான்காம் விதியும் ஒரே சமன்பாட்டின் இரு திசைகள். சமன்பாட்டை விதியாக்கும்போது ஒரு திசையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவதை நீக்கியது சரிதான். ஆனால் மீதி மூன்றும் எந்தக் கோவையிலும் நின்றே தீரும் என்பதைச் சோதனை ஓட்டங்களால் நிறுவ முடியாது. ஒவ்வொரு கோவைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். 1-க்கும் ஒவ்வொரு அடிப்படை உருமாற்றத்துக்கும் மதிப்பு 1. க·ச-வின் மதிப்பு, க-வின் மதிப்பைப் போல் இரு மடங்குடன் ச-வின் மதிப்பைக் கூட்டினால் வருவது. க⁻¹-க்கு க-வின் மதிப்பே. இப்போது (க·ச)·ட-வின் மதிப்பு 4க + 2ச + ட; க·(ச·ட)-வின் மதிப்பு 2க + 2ச + ட. மூன்றாம் விதி ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறைக்கிறது, மற்ற இரண்டு விதிகளும் அதேபோல் குறைக்கின்றன. குறைந்துகொண்டே போகும் இயல் எண் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். எல்லா விதித்தொகுப்புக்கும் அது நிற்குமா என்பதைத் தீர்மானித்துச் சொல்லும் பொது வழிமுறை கிடையாது, அது நிறுவப்பட்ட உண்மை. ஆனாலும் நடைமுறையில் பெரும்பாலான தொகுப்புகளுக்கு ஆஹென் பல்கலைக்கழகத்தின் அப்ரூவ், இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் டிடிடி2 போன்ற கருவிகள் இத்தகைய அளவைத் தாங்களே தேடித் தந்துவிடுகின்றன.

அடுத்தது விடை மாறும் சிக்கல். (க⁻¹·க)·ட என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் விதியை முதலில் போட்டால் 1·ட, பிறகு ட. மூன்றாம் விதியை முதலில் போட்டால் க⁻¹·(க·ட). அதற்குமேல் எந்த விதியும் பொருந்தாது, அங்கேயே நின்றுவிடும். இரண்டும் சமம்தான், ஆனால் உங்கள் நிரலுக்கு அது தெரியாது. ஒரு விதியின் இடப்பக்கம் மற்றொரு விதியின் இடப்பக்கத்துக்குள் பொருந்தும்போது இப்படிப் பிறக்கும் இரட்டை விடையைக் கிரிட்டிக்கல் பேர் என்பார்கள். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இவை மட்டுமே, அவற்றின் எண்ணிக்கையும் முடிவுள்ளது. எல்லா இரட்டைகளும் பின்னர் ஒன்றுசேர்ந்துவிட்டால், நிற்கும் தொகுப்பில் விடை ஒன்றே. கணிதவியலாளர் மேக்ஸ் நியூமன் 1942-இல் தந்த துணைத்தேற்றம் இதற்கு அடிப்படை.

நிற்கும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் அந்தத் தேற்றம் உடைந்துபோகும். ஆ → அ, ஆ → இ, இ → ஆ, இ → ஈ என்று நான்கு விதிகளை எழுதிப் பாருங்கள். ஒரு படியில் பிரியும் எந்த இரண்டும் மறுபடி சேர முடியும். ஆனாலும் ஆ-விலிருந்து அ-விலும் நிற்கலாம், ஈ-யிலும் நிற்கலாம். நிற்குமா என்பதை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

உங்கள் இரட்டை சேரவில்லை. எனவே க⁻¹·(க·ட) → ட என்பதையே புது விதியாகச் சேருங்கள். சேர்த்ததும் புது மோதல்கள் வரும். (க⁻¹)⁻¹·(க⁻¹·க) என்பது புது விதியால் க ஆகிறது. இரண்டாம் விதியால் (க⁻¹)⁻¹·1 ஆகிறது. எனவே (க⁻¹)⁻¹·1 → க என்பதையும் விதியாக்க வேண்டும். பின்னால் வலுவான விதிகள் கிடைத்ததும் இதைத் தூக்கிவிடலாம். டொனால்ட் நூத்தும் பீட்டர் பென்டிக்ஸும் 1970-இல் வெளியிட்ட முறை இதுதான். உங்கள் மூன்று விதிகளும் குலம் என்ற இயற்கணித அமைப்பின் விதிகளே. அவற்றுக்கு இந்த முறை மொத்தம் பத்து விதிகளில் நிறைவு பெறுகிறது. மற்ற ஆறு: க·1 → க, 1⁻¹ → 1, (க⁻¹)⁻¹ → க, க·க⁻¹ → 1, க·(க⁻¹·ச) → ச, (க·ச)⁻¹ → ச⁻¹·க⁻¹. முன்பு கொடுத்த எண்ணளவு 1⁻¹ → 1, (க⁻¹)⁻¹ → க, கடைசி விதி ஆகிய மூன்றுக்கும் போதாது. 1-க்கும் அடிப்படை உருமாற்றங்களுக்கும் 2, க·ச-வுக்கு 2கச + க, க⁻¹-க்கு க-வின் வர்க்கம் என்று வைத்தால் பத்துக்கும் சரிவரும். கணக்கிட்டுப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

நிரலில் எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. மோதலைத் தேடுமுன் இரண்டு விதிகளிலும் உள்ள மாறிகளுக்கு வெவ்வேறு பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் உண்மையான மோதல்கள் தப்பிவிடும். ஒரு விதி தன்னோடு தானே மோதுவதையும் பாருங்கள்: ((க·ச)·ட)·ப என்பதில் மூன்றாம் விதி இரண்டு இடங்களில் பொருந்துகிறது. நல்லவேளையாக இரு வழியும் க·(ச·(ட·ப)) என்பதில் சேர்ந்துவிடுகிறது.

இனி லாம்டா. ஃபங்ஷனின் உடலில் உள்ளீட்டைப் பொருத்தும் படிக்குப் பீட்டா குறைப்பு என்று பெயர். அது நிற்காமலும் போகலாம். ஆனால் இரண்டு வெவ்வேறு இறுதி விடைகளை அது தராது. இதை அலோன்சோ சர்ச்சும் ஜே. பி. ராஸரும் 1936-இல் நிறுவினார்கள். வரிசை அங்கே வேறு விதத்தில் முக்கியம். எதைக் கொடுத்தாலும் 5 என்று திருப்பும் ஃபங்ஷனுக்கு முடிவில்லாமல் ஓடும் கோவை ஒன்றைக் கொடுங்கள். உள்ளீட்டை முதலில் கணக்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். வெளியே இடது ஓரத்தில் இருப்பதை முதலில் குறைத்தால் 5 வந்துவிடும். இறுதி விடை இருந்தால் இந்த வரிசை அதை அடைந்தே தீரும்.

நான் உண்மையில் கவலைப்படுவது இரண்டையும் கலப்பதைப் பற்றி. இடப்பக்கத்தில் ஒரே மாறி இருமுறை வரும் க⁻¹·க → 1 போன்ற விதியை வகைப்பாடு (எந்த ஃபங்ஷன் எவ்வகை உள்ளீட்டை ஏற்கும் என்ற கட்டுப்பாடு) இல்லாத லாம்டாவோடு சேர்த்தால் ஒரே விடை என்ற உறுதி போய்விடும். சு என்பது ஏதோ ஒரு சுழற்சி. ஒரு கோவை தன்னையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைக்கும் ஃபிக்ஸ்டு பாயின்ட் உத்தியால் ப → ப·சு என்று விரியும் ஒரு ப-வை எந்தப் பயனரும் எழுதிவிட முடியும். இப்போது ப⁻¹·ப நேராக 1 ஆகலாம். வலப்பக்க ப-வை மட்டும் முதலில் விரித்தால் ப⁻¹·(ப·சு) ஆகி, அதிலிருந்து சு வரும். அதாவது எந்தச் சுழற்சியும் சும்மா இருப்பதற்குச் சமம் என்றாகிவிடும்! தனித்தனியே பழுதில்லாத இரண்டு தொகுப்புகள் சேர்ந்ததால் வந்த கேடு இது.

ஆகவே லாம்டா கணக்கீடு முழுவதும் முடிந்து, வெறும் உருமாற்றக் கோவை கையில் கிடைத்த பிறகே பத்து விதிகளை ஓட்டுங்கள். மொழியை மாற்றும் உரிமை உங்களுக்கு இருந்தால் எளிய வகைப்பாட்டைக் கட்டாயமாக்குவது இன்னும் நல்லது. அந்த அமைப்பில் பீட்டா குறைப்பு எப்போதும் நின்றுவிடும் என்பதால், ப போன்றதை எழுதவே முடியாது.