சரணாலயத்தில் வேட்டைக்கு உரிமமா?

கேள்வி: அமெரிக்காவில் வனவிலங்குகளுக்கென ஒதுக்கிய நிலத்திலேயே காட்டுச் செம்மறியாட்டை வேட்டையாட அரசு அனுமதிக்கிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். அரிசோனா மாநிலத்தில், பாலைவனப் பெருங்கொம்புச் செம்மறிகளைக் காப்பதற்காக 1939-இல் ஒதுக்கப்பட்ட கோஃபா, கபேசா பிரியேட்டா ஆகிய இரு சரணாலயங்களிலும் இந்த வேட்டை நடக்கிறது. நிலம் மத்திய அரசுடையது. எத்தனை கிடாய்களைச் சுடலாம் என்பதை முடிவு செய்வதோ மாநில வனவிலங்குத் துறை. ஆண்டுதோறும் மிகச் சில உரிமங்களே குலுக்கலில் வழங்கப்படுவதால், சீட்டு விழாதவர்களுக்குச் சேர்ந்து அடுத்த குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் போனஸ் புள்ளிகளை நம்பிப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்களே அதிகம். அப்படிக் கிடைத்தாலும், குலுக்கலில் வென்ற ஒருவர் பாலைவனப் பெருங்கொம்புச் செம்மறி வகையில் வாழ்நாளில் ஒரே ஒரு கிடாயைத்தான் சுடலாம். ஓரிரு உரிமங்கள் தொண்டு அமைப்புகள் வழியே ஏலம் போவதுண்டு. அந்தப் பணம் செம்மறிகளின் பராமரிப்புக்கே செலவாகிறது என்றாலும், வசதி படைத்தவருக்கு வரிசையே இல்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

கபேசா பிரியேட்டாவின் பெரும்பகுதிக்கு மேலே ராணுவ விமானப் பயிற்சி நடப்பதால், வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம் என்ற ஆபத்தை ஏற்றுக் கையெழுத்திட்டால்தான் நுழைவுச் சீட்டே தருவார்கள். வண்டி குறித்த சாலையை விட்டு இறங்கக் கூடாது. வேட்டை முடிந்ததும் மண்டையோட்டைக் கொம்புகளோடு துறை அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.