வாலை வெட்டினால் போதாதா?

வணக்கம் ஐயா,

புற்றுநோய் மரபணுக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘ராஸ் புரதம் ஒரு கொழுப்பு வாலால் செல் சவ்வில் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வாலை ஒட்டவிடாமல் ஒரு மருந்து கொடுத்தால் புற்றுநோய் நின்றுவிடாதா? இவ்வளவு எளிய வழி ஏன் யாருக்கும் தோன்றவில்லை? இன்னொரு சந்தேகம். இது நாம் சாப்பிடும் கொழுப்பா? என் அப்பா கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறார். அது அவருக்குப் புற்றுநோயிலிருந்தும் பாதுகாப்பு தருமா?

செ.

அன்புள்ள செ.,

ஒரே வரியில் தாண்டியது என் தவறுதான். ஆனால் யாருக்கும் தோன்றவில்லை என்பது சரியல்ல. 1990களில் பெரிய மருந்து நிறுவனங்கள் பலவும் இந்த யோசனையின் பின்னால்தான் ஓடின. அவை தோற்ற விதம் எனக்கு வெற்றிக் கதைகளைவிடச் சுவையானது.

முதலில் வால். ராஸ், ‘பெருகு’ என்ற சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதம். அதன் மரபணு பிறழ்ந்தால், அதாவது மாறிப்போனால், அந்தச் சமிக்ஞை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். சுமார் 189 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம்தான். செல்லுக்குள் இருக்கும் நீரில் உருவாகிறது, நீரில் கரையும். செல் சவ்வோ எண்ணெய்ப் படலம் போன்றது. நீரோடு சேரும் பொருள் எண்ணெயில் ஒட்டாதல்லவா? அதனால் செல் ஒரு வேலை செய்கிறது. ராஸின் கடைசி நான்கு அமினோ அமிலங்களில் முதலாவதாக ஒரு சிஸ்டீன் இருக்கும். ஒரு நொதி அதில் 15 கார்பன் நீளமுள்ள ஃபார்னசில் என்ற கொழுப்புச் சங்கிலியை மாட்டிவிடும். பிறகு மீதி மூன்று அமினோ அமிலங்கள் வெட்டப்பட்டு, நுனி ஒரு மெத்தில் தொகுதியால் மூடப்படும். இனி அந்த நுனி எண்ணெயைத் தேடும்.

இந்த ஒரு வால் மட்டும் போதாது. அதன் பிடி தளர்வானது, எந்தச் சவ்விலும் சற்றே ஒட்டும், உடனே நழுவும். செல்லின் வெளிச்சவ்வில் நிலைக்க இரண்டாவது பிடி வேண்டும். ராஸில் மூன்று வகை உண்டு. எச்-ராஸுக்கு இரண்டும் என்-ராஸுக்கு ஒன்றுமாக 16 கார்பன் கொண்ட பாமிடிக் அமிலச் சங்கிலிகள் கூடுதலாக ஒட்டப்படுகின்றன. புற்றுநோய்களில் அதிகம் அடிபடும் கே-ராஸின் முக்கிய வடிவத்துக்கு அது கிடையாது. அதற்குப் பதில் லைசின் என்ற அமினோ அமிலம் வரிசையாக ஆறு. லைசினுக்கு நேர்மின்னேற்றம், வெளிச்சவ்வின் உட்பக்கம் எதிர்மின்னேற்றம், ஆக இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். ஃபார்னசில் ஒருமுறை மாட்டினால் கழலாது. பாமிடிக் அமிலமோ ஒட்டும், கழலும். கழற்றும் வேலை செல்லின் எல்லா இடத்திலும் நடக்கிறது. ஒட்டும் வேலை பெரும்பாலும், புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கி என்ற செல் உறுப்பில்தான். ஆகவே தவறான சவ்வில் போய் ஒட்டிய ராஸ் அங்கே சங்கிலியை இழந்து நழுவி, கோல்கிக்கு வந்து மறுபடி மாட்டிக்கொண்டு வெளிச்சவ்வுக்குப் போகிறது. யாரும் வழி காட்டவில்லை, ஆனாலும் சரியான இடத்தில் போய்ச் சேர்கிறது.

சவ்வில் இருப்பது அவ்வளவு முக்கியமா? 1994இல் ஓர் அழகான சோதனை நடந்தது. ராஸிடமிருந்து அடுத்ததாகச் சமிக்ஞையைப் பெறுவது ராஃப் என்ற புரதம். கே-ராஸின் வால்பகுதியை ராஃபிலேயே ஒட்டவைத்தார்கள். அது நேரே சவ்வுக்குப் போய், ராஸ் இல்லாமலேயே செல்லைப் பெருகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது! ராஃபைச் சவ்வுக்கு அழைத்து வருவதுதான் ராஸின் பெரிய வேலை என்பது அதில் தெரிந்தது. சார்க் என்ற வேறொரு புற்றுநோய்ப் புரதமும் இப்படித்தான். அதன் முனையில் 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் ஒட்ட முடியாதபடி ஒரு கிளைசினை மாற்றினால், நொதித்திறன் அப்படியே இருந்தும் அதனால் செல்லைப் புற்றுநோய்ச் செல்லாக மாற்ற முடியாது.

சரி, மருந்துக்கு வருவோம். ஃபார்னசிலை மாட்டும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. 1995இல் ராஸால் கட்டி வந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின. மனிதர்களிடம் சோதித்தபோது பெரும்பாலும் ஏமாற்றம்தான். சுமார் 90 சதவீதக் கட்டிகளில் கே-ராஸ் பிறழ்ந்திருக்கும் கணையப் புற்றுநோயில், 688 நோயாளிகளிடம் டிபிஃபார்னிப் என்ற மருந்தை வழக்கமான மருந்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு: ஆயுள் கூடவில்லை.

ஏன் இப்படி? எலிகளில் இருந்தது எச்-ராஸ். மனிதர்களில் அதிகம் இருப்பது கே-ராஸ். ஃபார்னசில் கிடைக்காவிட்டால் கே-ராஸும் என்-ராஸும் வேறொரு நொதியிடம் போய், 20 கார்பன் கொண்ட ஜெரானைல்ஜெரானைல் என்ற இன்னும் நீளமான வாலை வாங்கி மாட்டிக்கொள்கின்றன. எச்-ராஸுக்கு அந்த மாற்றுவழி இல்லை. அந்த இரண்டாவது நொதியையும் சேர்த்தே தடுக்கலாமே என்பீர்கள். நல்ல செல்களில் எத்தனையோ புரதங்கள் அதை நம்பியிருக்கின்றன, நஞ்சாகிவிடும்.

அதனால் அந்த மருந்துகளைக் குப்பையில் போடவில்லை. எச்-ராஸ் பிறழ்ந்த தலை, கழுத்துப் புற்றுநோயில் டிபிஃபார்னிப்பைப் பார்த்த 2021 ஆய்வில், கட்டியில் பிறழ்ந்த மரபணுவின் பங்கு அதிகமாக இருந்து, மதிப்பிட முடிந்த 20 பேரில் 11 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கியது. லோனாஃபார்னிப் என்ற இன்னொன்று, குழந்தைகளை வேகமாக முதுமையாக்கும் புரோஜீரியா நோய்க்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோயிலும் கோளாறு ஃபார்னசில்தான். லேமின் என்ற புரதத்தின் குறைபட்ட வடிவம் அந்த வாலை உதிர்க்க முடியாமல் உட்கருச் சவ்வில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. ராஸுக்காகச் செய்த மருந்து இந்தக் குழந்தைகளுக்கு உதவியிருக்கிறது. கே-ராஸை வீழ்த்தும் முதல் மருந்தாக 2021இல் வந்த சோட்டோராசிப் வாலைத் தொடுவதே இல்லை. ஒரே ஒரு குறிப்பிட்ட பிறழ்வால் உருவான சிஸ்டீனைப் பிடித்து ராஸையே அணைத்துவைக்கிறது.

இப்போது அப்பாவின் மாத்திரை. ஃபார்னசிலைச் செல் தானே தயாரித்துக்கொள்கிறது, தட்டிலிருந்து வருவதில்லை. பாமிடிக் அமிலம் உணவிலும் உண்டு, ஆனால் செல்லாலும் அதைச் செய்ய முடியும். ஆகவே எண்ணெயைக் குறைத்து ராஸின் வாலை அறுக்க முடியாது. ஃபார்னசிலும் கொலஸ்டிராலும் ஒரே தயாரிப்புப் பாதையில் வருபவை, ஸ்டாட்டின் அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே குறுக்கே நிற்கிறது என்பது உண்மைதான். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் வளரும் செல்கள் மேல் ஸ்டாட்டினை நிறைய ஊற்றினால் ராஸ் வால் இல்லாமல் தவிக்கவும் செய்கிறது. ஆனால் மாத்திரையின் வேலை பெரும்பாலும் கல்லீரலில். ரத்தத்தில் மிஞ்சும் அளவு அந்தத் தட்டில் இருந்ததைவிட மிகக் குறைவு. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயாளிகள் 800க்கும் மேற்பட்டோரிடம் கீமோவோடு பிராவாஸ்டாட்டின் சேர்த்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

அப்பா மாத்திரையை இதயத்துக்காக, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடட்டும். புற்றுநோயை நினைத்துக் கூட்டவும் வேண்டாம், என் பதிலைப் படித்துவிட்டு நிறுத்தவும் வேண்டாம்.