வாசகர் கேள்விகள்: மாறுபட்ட வடிவப் பலகையில் அலைச்சறுக்கு

கேள்வி: என் எடை 72 கிலோ. 6 அடி நீளமும் 29 லிட்டர் கனஅளவும் கொண்ட, கூர்முனையுள்ள, வாலின் அடியில் மூன்று ஃபின்கள் (நீரில் பிடிமானம் தரும் சிறு தகடுகள்) பொருத்திய பலகையில் சில ஆண்டுகளாகச் சறுக்கி வருகிறேன். முனை மழுங்கி, இரு விளிம்புகளும் ஏறக்குறைய இணையாக ஓடும் குட்டைப் பலகைக்கு மாற விரும்புகிறேன். நீளத்தை எவ்வளவு குறைக்கலாம்? எனக்குப் பெரும்பாலும் இடுப்பளவு முதல் மார்பளவு வரையிலான அலைகளே கிடைக்கின்றன.

பதில்: நீளத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் கனஅளவை முடிவு செய்யுங்கள். உங்கள் உடல் 29 லிட்டருக்குப் பழகியிருக்கிறது. புதிய பலகையிலும் அதே அளவையோ, ஒரு லிட்டர் கூடுதலாகவோ வைத்துக்கொண்டால், கைகளால் துழாவி அலையைப் பிடிப்பதில் சிரமம் இருக்காது. அந்தக் கனஅளவை 5 அடி 6 அங்குலப் பலகையிலேயே பெற முடியும். கூர்முனைப் பலகையின் முன்பக்கத்துச் சில அங்குலங்கள், சறுக்கும் நேரத்தில் பெரும்பாலும் நீரைத் தொடுவதே இல்லை. அவற்றை நீக்கிவிட்டு விளிம்புகளை இணையாக்கும்போது, நீரில் படியும் விளிம்பின் நீளம் நாம் அஞ்சும் அளவுக்குக் குறைவதில்லை.

இந்த வடிவத்தின் வேர் படகுக் கட்டுமானத்தில் இருக்கிறது. நீரின் மேல் எழும்பி விரையும் படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றி லிண்ட்சே லார்ட் 1946இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கற்றுக்கொண்டதைக் கலிஃபோர்னியாவின் பாப் சிம்மன்ஸ் அலைச்சறுக்குப் பலகைகளில் பயன்படுத்தினார். நம் காலத்தில் ஆஸ்திரேலியாவின் டேனியல் தாம்சன் அதே சிந்தனையைக் குட்டையான, கூர்மையாகத் திரும்பும் பலகைகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ராக்கர் எனப்படும் நீளவாட்டு வளைவு குறைவாக இருப்பதால்தான் இப்பலகை வலுவற்ற அலையிலும் தானாக ஓடுகிறது. செங்குத்தாக எழும் அலையில் அதே தட்டைத்தன்மை முனையை நீருக்குள் குத்த வைத்துவிடும். நீங்கள் சொல்லும் அலைகளுக்கு இது மிகப் பொருத்தமானது. தலைக்கு மேல் எழுந்து குழலாகச் சுருளும் நாட்களுக்காகப் பழைய பலகையை விற்காமல் வைத்திருங்கள். மூலப்பொருளைப் பொறுத்தவரை, பாலிஸ்டைரீன் நுரையும் எபாக்ஸி பிசினும் கொண்ட பலகை இலேசாக இருக்கும், எளிதில் மிதக்கும்; காற்றடித்துக் கலங்கிய நீரில் மட்டும் கால்களுக்கடியில் அதிரும். அதில் விரிசல் கண்டால் பாலியெஸ்டர் பிசினால் ஒட்ட முயலாதீர்கள், அது நுரையையே கரைத்துவிடும்.

கேள்வி: இடப்பக்கம் ஒரு வடிவமும் வலப்பக்கம் வேறு வடிவமுமாக இருக்கும் சமச்சீரற்ற பலகையை ஒருவர் எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். இது வெறும் பார்வைக் கவர்ச்சிக்காகச் செய்யப்படுவதா? நான் வலக்காலை முன்வைப்பவள். என் தம்பி இடக்காலை முன்வைப்பவன். இருவரும் பகிர்ந்துகொள்ள முடியுமா?

பதில்: கவர்ச்சிக்காக அல்ல, அதன் அடிப்படை நம் உடலமைப்பிலேயே இருக்கிறது. பலகையின் மேல் நாம் பக்கவாட்டில் நிற்கிறோம். விரல்கள் இருக்கும் பக்கம் சாயும்போது முழங்காலும் கணுக்காலும் இயல்பாக மடிகின்றன, பாதத்தின் முன்பகுதி நுட்பமாக அழுத்துகிறது. குதிகால் பக்கம் சாயும்போது அந்த வசதி எதுவும் இல்லை, இடுப்பின் சமநிலையை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. இரு பக்கமும் உடல் வெவ்வேறாக இயங்கும்போது பலகை மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு மிகவும் நியாயமாகவே படுகிறது. 1960களிலேயே கார்ல் எக்ஸ்ட்ரோம் இத்தகைய பலகைகளை வடிவமைத்தார். பொதுவான அமைப்பில், விரல் பக்க விளிம்பு நீண்டு நேராக ஓடி, பெரிய ஃபின் ஒன்றைத் தாங்கியிருக்கும். குதிகால் பக்க விளிம்பு குட்டையாகவும் வளைவாகவும் இருந்து, சிறிய ஃபின்கள் இரண்டைத் தாங்கியிருக்கும். அதனால் குதிகாலால் திரும்புவது குறைந்த முயற்சியில் முடிகிறது.

விசித்திரமான வடிவம் என்று பிறர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றது இரட்டை ஃபின் பலகைகளால்தான். இன்று வழக்கமானதாகிவிட்ட மூன்று ஃபின் அமைப்பும் 1981இல் சைமன் ஆண்டர்சன் அதைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் வெல்லும்வரை புதுமையாகவே கருதப்பட்டது.

பகிர்வது மட்டும் சரிவராது. உங்களுக்குக் குதிகால் பக்கமாக அமைவது தம்பிக்கு விரல் பக்கமாகிவிடும். அவருக்குக் கண்ணாடி பிம்பம் போன்ற மறுவடிவம் வேண்டும். விற்பவரின் பலகை எந்தக் காலை முன்வைப்பவருக்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அகன்ற வால் கொண்ட இரட்டை ஃபின் பலகை வாங்கினேன். நேராக அபாரமாக ஓடுகிறது. திருப்பும்போது வால் வழுக்கிவிடுகிறது. தவறு என்னிடமா, பலகையிடமா?

பதில்: பெரும்பாலும் பழைய பழக்கம்தான் காரணம். மூன்று ஃபின் பலகையில் வேகம் பெறுவதற்காக மேலும் கீழுமாக உந்திப் பழகியவர்கள் இதிலும் அதையே செய்கிறார்கள். ஒவ்வோர் உந்தலிலும் விளிம்பு நீரைவிட்டு எழும்ப, பிடிமானம் தளர்கிறது. உந்துவதை நிறுத்திவிட்டு, அலைமுகத்தின் மேற்பகுதியில் பலகையை ஓடவிடுங்கள். வேகம் வந்த பின், பின்பாதம் ஃபின்களுக்கு நேர்மேலே இருக்கும்படி நகர்ந்து, விளிம்பை நீருக்குள் அழுத்தித் திருப்புங்கள். வால் அகலமாக இருப்பதால், பாதத்தை நடுக்கோட்டில் வைத்தால் அழுத்தம் விளிம்பை எட்டாது. விரல் பக்கம் திரும்ப வேண்டுமானால் பாதத்தின் முன்பகுதி அந்த விளிம்பை நோக்கிச் சற்றுத் தள்ளியிருக்க வேண்டும். திருப்பத்தை ஒரே வெட்டில் முடிக்காமல் நீண்ட வளைவாக வரையப் பழகுங்கள்.

இவற்றுக்குப் பின்னும் வழுக்கினால் சற்றுப் பெரிய ஃபின்களுக்கு மாறிப் பாருங்கள். பலகையில் நடுத்துளை இருந்தால் பின்னால் சிறிய ஃபின் ஒன்றைப் பொருத்துவதும் வாலை நிலைப்படுத்தும். இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்; எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.