முட்டையைக் கழுவுவதை விடுங்கள், எலியைப் பிடியுங்கள்

கால்நடை டாக்டர் பதில்கள்

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். கோழிகள் நன்றாகத் தின்கின்றன, நன்றாக இடுகின்றன, சாவும் இல்லை. ஆனால் முட்டை வாங்கும் கம்பெனி, சால்மொனெல்லா என்ற கிருமி இல்லை என்று லேப் ரிப்போர்ட் கேட்கிறது. நோயே இல்லாத கோழிக்கு எதற்கு ஐயா ரிப்போர்ட்?
- பண்ணையாளர், மோகனூர்

பதில்: கோழி நன்றாக இருப்பதுதான் இதில் சிக்கலே. கோழி டைபாய்டும் குஞ்சுகளுக்கு வரும் புல்லோரமும் உங்களுக்குத் தெரியும். அவையும் சால்மொனெல்லாதான். ஆனால் அவை கோழியைக் கொன்று தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மனிதர்களை அநேகமாகத் தொடாது. கம்பெனிக்காரர் பயப்படுவது மனிதர்களின் வயிற்றைக் கெடுக்கும் என்டெரிடிடிஸ் என்ற வகைக்கு. அது கோழியின் குடலிலும் சினைப்பையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஓடு உருவாகும் முன்பே கருவுக்குள் போய்விடும். அதுவும் எல்லா முட்டையிலும் இல்லை, எப்போதாவது ஒன்றில். அதனால் நூறு முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கூண்டுக்கு அடியில் பல இடங்களில் எடுத்த எச்சத்தையும் ஷெட்டில் படிந்த தூசியையும் லேபுக்கு அனுப்புங்கள். இருந்தால் அதில் மாட்டும்.

சரி, அது எங்கிருந்து வருகிறது? குஞ்சோடு வரலாம். அதனால் தாய்க்கோழிக் கூட்டத்தின் பரிசோதனை முடிவைக் குஞ்சு விற்பவரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தீவனத்தோடும் வரலாம், முக்கியமாகக் கருவாட்டுத் தூளில். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரு நாட்டுக் கருவாட்டுத் தூள் வழியாக அகோனா என்ற சால்மொனெல்லா வகை அமெரிக்கா, இங்கிலாந்து, நெதர்லாந்து, இஸ்ரேல் என்று நாடு நாடாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் வந்த கிருமியைப் போகவிடாமல் பிடித்து வைப்பது எலி. பண்ணைக்குக் கூப்பிட்டால் நான் கோழியைப் பார்க்கும் முன் தீவனக் கிடங்கைப் பார்ப்பேன். மூட்டைக்குப் பின்னால் புழுக்கை கிடந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். கிருமி பிடித்த எலியின் ஒரே புழுக்கையில் லட்சக்கணக்கில் கிருமி இருக்கலாம். பழைய கோழிகளைக் கழித்து, ஷெட்டைக் கழுவி, மருந்தடித்து, காயப்போட்டு புதுக்கோழி ஏற்றுகிறீர்கள். அத்தனை நாளும் எலி கூரையிலும் கிடங்கிலும் காத்திருக்கும். புதுக்கோழி வந்ததும் முதல் விருந்தாளி அதுதான். ஆகவே மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். சிந்திய தீவனத்தை அன்று மாலையே கூட்டுங்கள். ஷெட்டைச் சுற்றிப் புதரை வெட்டி ஜல்லி கொட்டுங்கள்; எலிக்கு வெட்டவெளி பிடிக்காது. 'பூனை வளர்க்கிறேன் டாக்டர்' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பூனையும் இதே கிருமியைச் சுமக்கும். அதை ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று, முட்டை அட்டை. கடைக்குப் போய்த் திரும்பி வரும் காகித அட்டையில் எத்தனை பண்ணையின் எச்சம் ஒட்டியிருக்கிறதோ! பிளாஸ்டிக் அட்டையைக் கழுவிக் காயவைக்கலாம். காகித அட்டையைத் திரும்ப வாங்காதீர்கள்.

கேள்வி: பயம் இருப்பதால் தீவனத்தில் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் கலந்துவிட்டால் போதாதா?
- கறிக்கோழி வளர்ப்பவர், பல்லடம்

பதில்: கூடாது. மருந்து குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். காலியான இடத்தில் சால்மொனெல்லா சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். தப்பிப் பிழைப்பதோ மருந்துக்கு அடங்காத வகை. பின்லாந்தில் நூர்மி என்ற விஞ்ஞானி 1973-இல் இதற்கு நேரெதிரான வழியைக் காட்டினார். ஆரோக்கியமான பெரிய கோழியின் குடல் நுண்ணுயிர்களைப் பிறந்த குஞ்சுக்குக் கொடுத்தார். சால்மொனெல்லாவுக்கு இடமே கிடைக்கவில்லை. இன்று புரோபயாட்டிக் என்று விற்பவற்றில் பல அந்த வழியில் வந்தவைதான். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை இந்திய அரசு 2019-இலேயே தடை செய்துவிட்டது. பழைய பாக்கெட் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். அங்கே ஆஃப் பாயில் சாப்பிடலாம் என்கிறார்களாம். இங்கே மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?
- வாசகி, திருச்சி

பதில்: அவர்கள் அதற்காகப் பட்ட பாடு அப்படி. 1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மொனெல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது, இரண்டு வாரத்தில் அவர் பதவியும் போயிற்று. அவர் சொன்னது மிகைதான், ஆனால் சிக்கல் நிஜம். 1998-இலிருந்து முட்டைக்கோழிக்குத் தடுப்பூசி போட்டு, முட்டை மேல் பண்ணை அடையாளத்தோடு சிங்க முத்திரை குத்தத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 2017-இல்தான், சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசு அறிவித்தது. உங்கள் மகள் முத்திரையைப் பார்த்து வாங்கட்டும்.

நம் கடை முட்டை எந்தப் பண்ணை, என்றைக்கு இட்டது என்று பெரும்பாலும் தெரியாது. வெயில் வேறு. வெள்ளைக்கருவில் கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காது, பெருகத் திணறும். சூட்டில் நாள்பட்டால் மஞ்சள்கருவைச் சுற்றிய சவ்வு தளர்ந்துவிடும்; மஞ்சள்கருவுக்குள் போனால் கிருமிக்குக் கொண்டாட்டம். இங்கே கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்களுக்கு ஃபுல் பாயில்தான். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதும் இந்தக் கவலையால்தான்.

கேள்வி: முட்டையை வாங்கியதும் கழுவி ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வைக்கலாம், கழுவாமல். முட்டை மேல் இயற்கையான பூச்சு ஒன்று உண்டு, கழுவினால் போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம்: உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கீறல் விட்ட முட்டையை வாங்காதீர்கள்.

கேள்வி: பேத்தி பெரியவளாகிவிட்டாள். நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக, நல்லெண்ணெயோடு கொடுப்பது எங்கள் வழக்கம். நாட்டுக்கோழிக்குமா கிருமி?
- ஒரு பாட்டி, திருமங்கலம்

பதில்: வாழ்த்துகள் அம்மா. குப்பையைக் கிளறி, எலி ஓடும் இடத்தில் மேயும் கோழிக்கு நாட்டுக்கோழி என்பதற்காகக் கிருமி விலக்குத் தராது. சத்துக் கணக்கிலும் பச்சை முட்டை நஷ்டம்தான்: வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரிக்கிறது, பச்சையில் 50 சதவீதம் போல. அதே நல்லெண்ணெயைச் சட்டியில் தாராளமாக ஊற்றி, முட்டையை உடைத்து விட்டு, இரண்டு பக்கமும் வேகவைத்துக் கொடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டியதில்லை என்று பேத்தியும் சந்தோஷப்படுவாள்.