எஞ்சின் காலுக்குப் பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா? கேள்வி பதில்

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் லோயர் யூனிட் (எஞ்சின் காலின் அடிப்பகுதி), எஞ்சின் படகுக்குள்ளும் கால் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவின் கியர் கேஸ், மோட்டாரைப் படகில் பிடிக்கும் பிராக்கெட் என்று கடல்நீரில் நிற்கும் அலுமினியப் பாகங்களுக்குப் பூச்சு போடுவது பற்றி மட்டும் இங்கே கேளுங்கள். கியர், கார்புரேட்டர் ரிப்பேர் என் துறை இல்லை.

நாகப்பட்டினம், 40 குதிரைசக்தி அவுட்போர்டு: சார், போன வருஷம் விலை கூடின பெயிண்டா வாங்கி எஞ்சின் காலுக்கு அடிச்சோம். எட்டே மாசத்துல தோல் மாதிரி உரியுது. எந்த கம்பெனி பெயிண்ட் வாங்கணும்?

கம்பெனியை மாற்றினாலும் அடுத்த வருடமும் உரியும். உரிந்த பெயிண்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஈரச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது அலுமினிய ஆக்சைடும் ஹைட்ராக்சைடும். அப்படியானால் பெயிண்ட் உலோகத்தைப் பிடிக்கவே இல்லை, அந்த வெள்ளைப் பொடியைத்தான் பிடித்திருந்தது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உப்பைக் கழுவுங்கள். உப்பு தின்னரில் கரையாது, தண்ணீரில்தான் போகும். காய்ந்ததும் தின்னரால் கிரீஸைத் துடையுங்கள். ஒரு துணியால் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியைத் திரும்பத் திரும்பப் போட்டால் கிரீஸை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். இதற்குப் பிறகே உப்புத்தாள். கிரீஸ் இருக்கும்போது தேய்த்தால் அதை உலோகத்தின் கீறல்களுக்குள் அழுத்திவிடுவீர்கள். 80-ஆம் நம்பரில் தொடங்கி 120-இல் முடியுங்கள். அதற்கு மேல் வழுவழுப்பாக்க வேண்டாம், பிரைமருக்குப் பிடிமானம் வேண்டும்.

அடுத்து ஒரு சோதனை. சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி அரை நிமிடம் நின்றால் சரி. சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போலத் துளித்துளியாகப் பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது, திரும்பத் துடைக்க வேண்டும்.

தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படரத் தொடங்கிவிடும். கடற்கரை ஈரக்காற்றில் நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். காலையில் தேய்த்துவிட்டு மறுநாள் அடிப்பது வீண் வேலை. இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், காய்ந்தபின் ஒவ்வொன்றும் 50 மைக்ரான் அளவில். அதன்மேல் இரண்டு பாகப் பாலியூரித்தேன். இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் விடலாம் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அது தாண்டினால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த கோட். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் அதிகாலையில் அடிக்காதீர்கள்.

எட்ச் பிரைமர் (அமிலத்தால் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் பிரைமர்) அடித்திருந்தால் அதன்மேல் நேரடியாக எபாக்ஸி வேண்டாம். அதில் மிஞ்சும் அமிலம் எபாக்ஸியின் ஹார்டனரைக் கெடுக்கும்.

பாலியூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் போட்டுக்கொண்டு ஸ்ப்ரே பண்ணினால் நுரையீரல் போகும். வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லையென்றால் பிரஷ்ஷால் பூசுங்கள். கடலுக்குள் இருக்கும் காலுக்குப் பளபளப்பு தேவையில்லை.

சென்னை: பக்கத்துல இருக்கிற பவுடர் கோட்டிங் ஷாப்ல "ஏழு டேங்க் பிராசஸ்" பண்றாங்க. லோயர் யூனிட்டை அப்படியே கொடுத்துடலாமா?

இரண்டு காரணத்துக்காகக் கூடாது. முதலாவது அந்த ஏழு டேங்க்தான். அது இரும்புக்கு அமைத்தது. துரு எடுக்கும் டேங்கில் ஹைட்ரோகுளோரிக் அல்லது சல்ஃப்யூரிக் அமிலம் இருக்கும், அது அலுமினியத்தை அரிக்கும். பாஸ்பேட் டேங்கும் இரும்புக்கானதே. அலுமினியத்துக்குத் தனி கன்வெர்ஷன் கோட்டிங் (பூச்சு பிடிக்க உலோகத்தின் மேல் ரசாயனப் படலம் ஏற்றுவது) லைன் இருக்கிறதா என்று கேளுங்கள். குரோமேட் என்றால் பாகம் பொன்மஞ்சளாக வரும், சிர்கோனியம் என்றால் நிறம் அவ்வளவாகத் தெரியாது. "எல்லாத்துக்கும் ஒரே டேங்க்தான்" என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

இரண்டாவது, "அப்படியே" கொடுக்கவே முடியாது. பவுடர் உருகி இறுக, பாகமே 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் இருக்க வேண்டும். ரப்பர் சீல் அதில் கருகிவிடும். இறுக்கி அடித்திருக்கும் பேரிங் கப் தளர்ந்துவிடும், ஏனென்றால் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும். ஆகவே கியர், ஷாஃப்ட், பேரிங், சீல், வாட்டர் பம்ப் எல்லாம் வெளியே வந்து, வெறும் கூடு மட்டும் போக வேண்டும். பேரிங் உட்காரும் துளை, கேஸ்கெட் முகம், மரைகள், ஆயில் பிளக் இருக்கை ஆகியவற்றில் சிலிக்கான் பிளக்கும் சூடு தாங்கும் பச்சை டேப்பும் போடச் சொல்லுங்கள். பூச்சின் கனம் 60 முதல் 80 மைக்ரான். ஒரு துளையின் இரண்டு பக்கமும் ஏறினால் பேரிங் உள்ளே போகாது.

இன்னொன்று, வார்ப்பு அலுமினியத்தில் நுண்துளைகள் உண்டு. பழைய கியர் ஆயில் அதற்குள் ஊறியிருக்கும். ஓவனில் அது ஆவியாகி, உருகிய பவுடரைக் கொப்புளமாகக் கிளப்பும். எனவே பவுடர் தூவுவதற்கு முன் வெறும் கூட்டைப் பவுடர் இறுகும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒருமுறை சுட்டு, ஆயில் கசிந்த இடத்தைத் துடைக்க வேண்டும். முதல் கோட் எபாக்ஸி பவுடர், மேலே பாலியெஸ்டர். எபாக்ஸி மட்டும் போட்டால் வெயிலில் வெளுத்துப் பொடியும்.

மன்னார்: அண்ணை, பழைய பெயிண்டைக் கடற்கரை மணலால பிளாஸ்ட் பண்ணி எடுக்கலாமோ?

வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது, சிலிக்கா தூசி நுரையீரலுக்கும் கேடு. அலுமினியம் ஆக்சைடு மணியால் பிளாஸ்ட் பண்ணுங்கள், 80 முதல் 120 நம்பர், காற்றழுத்தம் 40 முதல் 50 பிஎஸ்ஐ. இரும்புக் குண்டும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் கூடவே கூடாது. பதிந்த இரும்புத் துகள் பூச்சுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

மிச்சிகன் ஏரி: ஸ்டெர்ன் டிரைவ் முழுக்கக் கறுப்பு அடிக்கிறேன். அனோடு மட்டும் வெள்ளியாகத் தெரிகிறது, அதற்கும் சேர்த்து அடிக்கலாமா?

கூடாது. அனோடு என்பது அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் உலோகத் துண்டு. பெயிண்ட் பட்ட அனோடு வேலை செய்யாது. நன்னீரில் மக்னீசியம் அனோடு போடுங்கள். கடலுக்குக் கொண்டுபோனால் கழற்றிவிட வேண்டும், உப்புநீரில் அது அளவுக்கு மீறி வேலை செய்து பெயிண்டையே கிளப்பிவிடும்.

துபாய்: ஹல்லுக்கு (படகோட உடம்புக்கு) வாங்கின சிவப்பு பாட்டம் பெயிண்ட் மிச்சம் இருக்கு. டிரைவுக்கும் அடிச்சா சிப்பி ஒட்டாதே?

சிவப்பு பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, அதாவது தாமிரம். அலுமினியத்தின் மேல் தாமிரம் ஏறினால் அலுமினியம்தான் கரையும். பிரைமர் முழுமையாக இருக்கும்வரை தெரியாது, ஒரு கீறல் விழுந்ததும் குழி பறிக்கும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதிய, குப்ரஸ் தயோசயனேட் (இதிலும் தாமிரம் உண்டு, ஆனால் அலுமினியத்துக்கு ஒத்துப்போகும்) அல்லது ஜிங்க் பைரிதியோன் வகையை எபாக்ஸி பிரைமர் மேல் அடியுங்கள். ஹல்லில் தாமிரப் பெயிண்ட் இருந்தால், டிரான்சமில் (படகின் பின்சுவரில்) டிரைவைச் சுற்றி ஒன்றரை அங்குலம் பூசாமல் விடுங்கள்.

ராமேஸ்வரம்: ஸ்ப்ரே கேன் அடிச்சா போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். அந்தத் தயாரிப்பைச் செய்தபின் கேன் அடித்தால், சின்னக் கீறலுக்குப் போதும்.

தூத்துக்குடி: முழுக்கப் பவுடர் கோட் பண்ணி உலோகமே வெளியே தெரியாம மூடிட்டா, அனோடுக்கு என்ன வேலை? வீண் செலவுதானே?

இந்த எண்ணம்தான் நிறைய கியர் கேஸ்களைத் தின்றிருக்கிறது. ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லரும் ஷாஃப்டும் கடல்நீரில் அலுமினியத்தோடு சேர்ந்தால் பாட்டரி ஆகிவிடும். கரைவது அலுமினியம். அந்த மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸின் பரப்பு. பூச்சே இல்லாத காலில் அந்த அரிப்பு முழுப் பரப்பிலும் பரவும். நன்றாகப் பூசிய காலில் அரிசி அளவு கீறல் விழுந்தால், மொத்த அரிப்பும் அந்த ஒரு கீறலில் குவியும். பூச்சு நன்றாக இருக்க இருக்க, அனோடு இல்லாத கீறல் அவ்வளவு ஆழமாகப் போகும்.

அதே தூத்துக்குடி நண்பர்: அப்போ புரொப்பெல்லரையும் பெயிண்ட் பண்ணிட்டா?

கணக்குப்படி சரி. ஸ்டெயின்லெஸை மூடுவது அலுமினியத்தை மூடுவதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் பிளேடு விளிம்பில் பெயிண்ட் நிற்காது, சுழலும் நீர் உரித்துவிடும்.

குறுக்கே கன்னியாகுமரி: எங்க போட்டைத் தினமும் கரையில ஏத்திடுறோம். கரையில அனோடு என்ன பண்ணும்? அவர் சொல்றதுல நியாயம் இருக்கு.

பாதி நியாயம். நீருக்கு வெளியே அனோடு எதுவும் செய்யாது, அங்கே உங்களைக் காப்பது நன்னீர்க் கழுவல். ஆனால் கடலில் இருக்கும் அத்தனை மணி நேரமும் கீறலைக் காப்பது அனோடு மட்டுமே. நங்கூரத்தில் எஞ்சினைத் தூக்கி வைக்கும்போதும் கவனியுங்கள். பிராக்கெட் நீருக்குள்ளேயே இருக்க, லோயர் யூனிட் மட்டும் மேலே வந்துவிட்டால், பிராக்கெட்டுக்குத் தனி அனோடு வேண்டும்.

பவுடர் கோட்டிங்கில் இதைச் சார்ந்த இன்னொரு கோளாறும் வரும். அனோடு உட்காரும் முகத்திலும் போல்ட் மரையிலும் பவுடர் ஏறினால் மின்தொடர்பு அறுந்துவிடும். அனோடு பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஒரு வருடமானாலும் கரைந்திருக்காது. அது நல்ல அறிகுறி அல்ல. மல்டிமீட்டரை வைத்து அனோடுக்கும் கூட்டின் வெறும் உலோகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். லோயர் யூனிட்டுக்கும் நடுப்பகுதிக்கும் இடையிலும் அளந்துவிடுங்கள், சேரும் முகங்களில் பூச்சு இருந்தால் இரண்டும் தனித்தனியாகிவிடும்.

தூத்துக்குடி: சரி, அனோடு போடுறேன். எப்போ மாத்தணும்?

பாதி கரைந்ததும்.

கடலூர்: காலில் குழி குழியாக அரித்திருக்கு. கார் பட்டி வெச்சு சமமாக்கலாமா?

கார் பட்டி பாலியெஸ்டர், நீரை உறிஞ்சும். உலோகத் தூள் கலந்த எபாக்ஸி வையுங்கள், குழிக்குள் வெள்ளைப் பொடி ஒரு துளியும் இல்லாமல் சுரண்டிய பிறகு. சுவரின் பாதி கனத்துக்கு மேல் போயிருந்தால் முதலில் வெல்டிங்.

நெல்லூரிலிருந்து தமிழில்: புரொப்பெல்லருக்கு மேலே துடுப்பு மாதிரி சின்னத் தகடு இருக்கே, அதுக்குப் பெயிண்ட்?

பல அவுட்போர்டுகளில் அந்தத் தகடுதான் அனோடு. அனோடில் பெயிண்ட் படக்கூடாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். டேப் போட்டு மூடிவிட்டு அடியுங்கள், பிறகு மறக்காமல் உரித்துவிடுங்கள்.

பாம்பன்: கியர் ஆயில் பால் மாதிரி வருது. பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

நிற்காது. தண்ணீர் சீல் வழியாக உள்ளே போகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புரொப்பெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிச் சீலை அறுத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்டபம்: பெயிண்ட் அடிச்சு மறுநாளே கடலுக்குப் போகலாமா?

தொட்டால் ஒட்டாது என்பதால் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. பாலியூரித்தேன் முழுக்க இறுக ஏழு நாள் விடுங்கள். பூட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலைக்கு அடியில் டெஃப்-ஜெல் (அரிப்பைத் தடுக்கும் பசை) தடவுங்கள். பூச்சு முதலில் கிளம்புவது அந்த வளையத்தில்தான். தாமிரம், கிராஃபைட் கலந்த கிரீஸ் அங்கே வேண்டாம்.